மறுத்ததாக எழுதப்பட்ட வெள்ளிக்கிழமை

பாப்பா,

நேற்று முன்தினம் சாயங்காலம் நீ போனில் அனுப்பிய கோர்ட் உத்தரவை உன் அம்மா எனக்கு வாசித்துக் காட்டினாள். பெரம்பலூர் வீட்டில் குடியிருக்கும் பெரியசாமி காலி செய்து வீட்டை உன்னிடம் ஒப்படைக்க வேண்டும் என்று உத்தரவாகிவிட்டது, திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு அமீனா போகிறார், புதன்கிழமை பால் காய்ச்சுகிறோம், நீங்கள் இரண்டு பேரும் செவ்வாய்க்கிழமையே அரியலூரிலிருந்து கிளம்பி வந்துவிடுங்கள் என்று எழுதியிருந்தாய். கூடவே ஒரு குரல் பதிவு. "அந்தாளு கோர்ட்டுக்கே வரலப்பா. சட்டுனு முடிஞ்சிருச்சு. இத்தன வருசம் கோர்ட்ல வேல பாத்தீங்களே, இவ்வளவு ஈஸியா ஆர்டர் வாங்குனவங்கள பாத்துருக்கீங்களா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாய். பார்த்திருக்கிறேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். சொல்ல ஆரம்பித்தால் நீ குறுக்கே பேசுவாய், நான் நிறுத்திவிடுவேன், நிறுத்தியதில் எனக்கே ஒரு நிம்மதி வந்துவிடும். என் புத்தி எனக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் உன் அம்மா ஒவ்வொரு பக்கமாகப் படம் பிடித்து உனக்கு அனுப்புவாள். அவளும் இதைப் படிக்கத்தான் போகிறாள். இதில் ஒரு பாதி அவளுக்கும் தெரியாது. இன்று ஞாயிற்றுக்கிழமை. நாளைக்குள் நீ இதை முழுக்கப் படித்தாக வேண்டும்.

உன் அம்மா வாசித்து முடித்துவிட்டு, புதன்கிழமைக்கு என்ன பலகாரம் செய்வது என்று பேச ஆரம்பித்தாள். நான் போனை வாங்கி அந்த உத்தரவை முதலிலிருந்து படித்தேன். கோர்ட் காகிதம் என்றால் எதையும் விடாமல் படிக்கிற பழக்கம் எனக்கு இன்னும் போகவில்லை. மூன்றாவது பக்கத்தில் ஒரு வரி இருந்தது. எதிர்மனுதாரர் அறிவிப்பை நேரில் வாங்க மறுத்ததால், இரண்டு சாட்சிகள் முன்னிலையில் அதை வெளிக்கதவில் ஒட்டிச் சார்வு செய்யப்பட்டது என்று ஒரு வரி. பக்கத்தில் தேதி, வெள்ளிக்கிழமை, காலை பதினொரு மணி. சார்வு என்றால் கோர்ட்டின் காகிதம் உரியவர் கைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். கை நீட்டி வாங்கினாலும் சேர்ந்ததுதான், வாங்க மறுத்தாலும் சேர்ந்ததுதான். அந்த வரியைப் படித்ததும் மேலே படிக்காமல் போனைக் கீழே வைத்துவிட்டேன். ஏனென்றால் ஒரு எழுத்து மாறாமல் அதே வரியை நான் ஒருமுறை என் கையால் எழுதியிருக்கிறேன்.

நான் அமீனாவாக இருந்தது உனக்குத் தெரியும். காகிதத்தில் அந்த வேலைக்கு வேறு நீளமான பெயர் உண்டு, ஊருக்கு அமீனாதான். கோர்ட் அனுப்பும் சம்மனைக் கொண்டுபோய்க் கொடுப்பது ஆரம்பத்தில் என் வேலை. பிறகு வீடு ஒப்படைக்கும் வாரண்டையும் என் கையில் கொடுத்தார்கள். நான் யாரையும் துரத்தியதில்லை, கோர்ட் சொன்னதைச் செய்தேன் என்று உனக்குச் சின்ன வயதில் சொல்லியிருக்கிறேன். பெரும்பாலும் அது உண்மைதான். குடியிருப்பவர் வீட்டைவிட்டுப் போகவேண்டும் என்றால் அதற்கு முன்னால் கோர்ட் அவரைக் கூப்பிட்டு, உன் பக்கத்தில் என்ன இருக்கிறது சொல் என்று கேட்க வேண்டும். அவர் சொன்ன பிறகு, அல்லது கூப்பிட்டும் வராமல் போன பிறகுதான் உத்தரவு. உத்தரவான பிறகும் வீட்டுக்காரர் நேராகப் போய்க் கதவைத் திறந்துவிட முடியாது. நிறைவேற்று மனு, வாரண்ட், பிறகு அமீனா. பூட்டை உடைக்க வேண்டுமானால் அதற்குத் தனியாக அனுமதி, போலீஸ் வேண்டுமானால் அதற்கும் தனியாக அனுமதி. உள்ளே இருக்கிற சாமான்களை ஒவ்வொன்றாகப் பட்டியல் எழுதி, சாட்சிக் கையெழுத்து வாங்க வேண்டும். கரண்டைப் பிடுங்குவது, தண்ணீர்க் குழாயை அடைப்பது, ஆள் அனுப்பி மிரட்டுவது எல்லாமே குற்றம், உத்தரவு கையில் இருந்தாலும் குற்றம். இத்தனை படிகளை எதற்கு வைத்திருக்கிறார்கள் என்றால், ஒரு மனுஷன் காலையில் சாப்பிட்ட வீட்டில் மத்தியானம் சாப்பிட முடியாமல் போவது சின்ன விஷயம் இல்லை என்பதால். ஆனால் இந்தப் படிகள் எல்லாம் முதல் படியின் மேல்தான் நிற்கின்றன. கூப்பிட்டோம், அவர் வரவில்லை என்கிற படி. அது பொய்யானால் மேலே இருக்கிற எல்லாம் பொய்.

சவரிமுத்து என்று ஒரு தையல்காரர். நான் வேலைக்குச் சேர்ந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்தது. உனக்கு மூன்று வயது. நாம் அப்போது இருந்த டவுனில், கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு கட்டடத்தில் முன்னறையில் மிஷின் போட்டிருந்தார், பின்னறையில் அவரும் அவர் மனைவி மேரியும் குடியிருந்தார்கள். அந்தக் கட்டடத்தை இடித்துப் பெரிதாகக் கட்டவேண்டும் என்று வீட்டுக்காரர் கேஸ் போட்டார். சம்மன் என் கைக்கு வந்தது. நான் போனபோது கடை பூட்டியிருந்தது. இன்னொரு நாள் போக வேண்டும், அதுதான் முறை. வீட்டுக்காரர் எதிர்க்கடையிலிருந்து வந்து என்னை உட்காரவைத்து டீ சொன்னார். "அவன் வாங்க மாட்டான் சார். வேணுன்னே பூட்டிட்டுப் போயிருக்கான். எதுக்கு நீங்க நாலு தரம் அலையணும்? மறுத்துட்டான்னு எழுதிடுங்க, சாட்சிக்கு நம்ம ஆளுங்க ரெண்டு பேரு கையெழுத்துப் போடுவாங்க" என்றார். நான் யோசித்தேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பாப்பாவ எந்த ஸ்கூல்ல சேக்கப் போறீங்க?" என்று கேட்டார்.

நீ படித்த பள்ளிக்கூடத்தில் அந்த வருடம் இடம் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று உன் அம்மா இன்றைக்கும் சொல்வாள். அந்த வீட்டுக்காரர் அதன் நிர்வாகத்தில் இருந்தார். நான் வேறு எதுவும் வாங்கவில்லை. ஒரு டீ குடித்தேன், உனக்கு ஒரு இடம் வாங்கினேன். மறுத்ததால் வெளிக்கதவில் ஒட்டிச் சார்வு செய்யப்பட்டது என்று அந்த டீக்கடை பெஞ்சில் வைத்து எழுதினேன். எதையும் எந்தக் கதவிலும் ஒட்டவில்லை. இது உன் தலையில் பாரத்தை ஏற்ற எழுதவில்லை பாப்பா. மூன்று வயதுக் குழந்தைக்கு அதில் என்ன பங்கு? ஆனால் இனி வரப்போகிறதை நீ புரிந்துகொள்ள இது தெரிய வேண்டும்.

கேஸ் ஒருதலையாக முடிந்தது. வாரண்டும் என் கைக்கே வந்தது. தீபாவளிக்கு முந்தின வாரம். சவரிமுத்து நூல், பட்டன் வாங்க திருச்சிக்குப் போயிருந்தார். மேரி மட்டும் இருந்தாள். நான் வாரண்டைப் படித்துக் காட்டியபோது அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. "கேஸா? எங்க மேலயா? நீங்க வூடு மாறி வந்துட்டீங்க சார்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். உள்ளே ஊரின் பாதிப் பேருடைய தீபாவளித் துணி இருந்தது. வெட்டியது, பாதி தைத்தது, பட்டன் கட்டாதது. எல்லாவற்றையும் பட்டியல் எழுதினேன். எழுதி முடிப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. துணிகளைத் தெருவில் சாக்கு விரித்துத்தான் வைக்க முடிந்தது. செய்தி கேள்விப்பட்டு ஆட்கள் ஓடிவந்து அவரவர் துணி என்று நினைத்ததை எடுத்துக்கொண்டு போனார்கள். அந்தி நேரத்தில் சவரிமுத்து பஸ்ஸை விட்டு இறங்கி வந்தபோது மிஷின் மட்டும் நனைந்துகொண்டு நின்றது. அதற்குப் பிறகு ஒரு மாதம் வரைக்கும் அவரைத் தெருவில் நிறுத்தி, என் துணி எங்கே என்று கேட்டார்கள். திருடிவிட்டார் என்றே பேச்சு ஆகிவிட்டது.

அவர் ஒரு வக்கீலைப் பிடித்து, அந்த உத்தரவை ரத்து செய்யச் சொல்லி மனுப் போட்டார். அதற்கு முன்னால் ஒரு நாள் மத்தியானம் நகலைக் கையில் எடுத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தார். அந்த வரியின் மேல் விரலை வைத்துக்கொண்டு, "நான் எப்ப சார் மறுத்தேன்?" என்று கேட்டார். சண்டைக்காகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். நான் அவர் முகத்தைப் பார்த்து, "மறுத்தீங்க. மறந்துட்டீங்க" என்றேன். பிறகு சாட்சிக் கூண்டில் ஏறி, சத்தியம் செய்துவிட்டு, அதையே திரும்பச் சொன்னேன். வேலை போய்விடும் என்கிற பயம். மனு தள்ளுபடியானது. அவர் தலையைக் கவிழ்த்துக்கொண்டு யோசித்துக்கொண்டே வெளியே போனார். ஒருவேளை மறுத்துத்தான் இருப்போமோ என்று அவருக்கே தோன்றிவிட்டது. அதை நான் அந்த முகத்தில் பார்த்தேன். இருவரும் ஊரைவிட்டுப் போய்விட்டார்கள்.

நான் ஓய்வு பெற்ற பிறகு திருப்பூரில் ஒரு கல்யாணத்துக்குத் தனியாகப் போய்வந்தேனே, நினைவிருக்கிறதா? வந்ததிலிருந்து ஒரு வாரம் நான் சரியாகப் பேசவில்லை என்று உன் அம்மா உனக்குப் போன் செய்தாள். சுகர் என்று நீ டாக்டரிடம் கூட்டிப்போனாய். கல்யாண மண்டபத்தில் நம் பழைய டவுன்காரர் ஒருவர், சவரிமுத்து பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறார் என்றார். என் காலே என்னை அங்கே இழுத்துக்கொண்டு போனது. வரிசை வீடுகளில் கடைசி வீடு. வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நல்ல வெயில், தலைக்கு மேல் நிழல் இல்லை, நாற்காலியை உள்ளே இழுத்துப் போட்டுக்கொள்ளவும் இல்லை. நான் எதிரே போய் நின்றதும் சட்டென்று எழுந்தார். என்னை அடையாளம் தெரியவில்லை. "கோர்ட்லேருந்து வரீங்களா சார்?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் இரண்டு கையையும் நீட்டினார். "குடுங்க, நான் வாங்கிக்கறேன். மறுக்கலன்னு எழுதிக்கங்க." என் கையில் கல்யாண வீட்டுத் தாம்பூலப் பைதான் இருந்தது. அதை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டு, "எங்க கையெழுத்துப் போடணும்?" என்றார்.

மேரி உள்ளேயிருந்து வந்தாள். அவளுக்கு என்னைத் தெரிந்துவிட்டது. சத்தம் போடுவாள் என்று நினைத்தேன், போடவில்லை. என்னைத் தெருமுனைக்குக் கூட்டிக்கொண்டுபோய்ச் சொன்னாள். "வேலைக்குப் போன்னா, நான் இல்லாத நேரமாப் பாத்து எவனாச்சும் வந்துட்டுப் போயிருவான்றாரு. மாதா கோயிலுக்குக்கூட வர்றதில்ல. காலையில வாசல்ல உக்காந்தா பொழுது சாயிற வரைக்கும் அங்கதான். நான் பனியன் கம்பெனிக்குப் போயி வர்றதுலதான் ஓடுது." பிறகு திரும்பி அவரைப் பார்த்துவிட்டு, "போயிருங்க சார். உங்கள இன்னாருன்னு அவருக்குத் தெரியறதுக்குள்ள போயிருங்க" என்றாள். போய்விட்டேன். அன்றைக்காவது, நீங்க மறுக்கல, நான்தான் பொய் எழுதினேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதுவும் சொல்லவில்லை.

இப்போது உன் உத்தரவுக்கு வருகிறேன். உனக்கு அந்த வீடு வேண்டும், அது உன் வீடு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஓசூரிலிருந்து மாறுதல் வாங்கிக்கொண்டு பிள்ளைகளோடு வருகிறாய். சொந்த வீடு இருக்கும்போது வேறு எங்கே போவாய்? பெரியசாமியும் நல்லவிதமாக நடந்துகொள்ளவில்லை. சித்திரையில் போகிறேன் என்றார், ஆடி கழியட்டும் என்றார், அப்புறம் போனையே எடுக்கவில்லை. சொந்த உபயோகத்துக்கு வேண்டும் என்று நீ கேட்டால் கோர்ட் கொடுக்கும். அவர் வந்து எதிர்த்துப் பேசினாலும் கொடுக்கும். அதனால்தான் எனக்கு இன்னும் வயிற்றெரிச்சலாக இருக்கிறது. ஜெயிக்க வேண்டிய கேஸில் யாரோ அவசரப்பட்டிருக்கிறார்கள்.

அந்தத் தேதியைப் பார் பாப்பா. கார்த்திகை மாதத்து வெள்ளிக்கிழமை. உனக்கு மாறுதல் கிடைக்க வேண்டும் என்று உன் அம்மா நேர்ந்துகொண்டு என்னைச் சிறுவாச்சூர் அம்மன் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனது அன்றைக்குத்தான். பெரியசாமி, கோயில் திறக்கிற திங்களும் வெள்ளியும் அங்கே எலுமிச்சம்பழ மாலை விற்கிறவர். அந்த இரண்டு நாளும் விடிவதற்கு முன்னால் கடை போட்டால் கூட்டம் அடங்கித்தான் வீடு திரும்புவார். உன் அம்மா அவரிடம்தான் மாலை வாங்கினாள். வாங்கிக்கொண்டு நின்றபோதே உனக்குப் போன் போட்டாள். நீ, "அந்தாளு அங்கதான இருக்காரு? குடும்மா அவருகிட்ட" என்றாய். எப்போது காலி செய்கிறீர்கள் என்று அவரிடம் கேட்டாய். அவர், "மவளுக்குப் பேறுகாலம் வருதும்மா, அது முடியட்டும்மா" என்று கெஞ்சினார். கேஸ் போட்டிருப்பதைச் சொல்லாமலேயே நீ கோபமாக வைத்துவிட்டாய். நான் உன் அம்மாவின் போனில் தேடிப் பார்த்தேன். மாலையோடு அவள் எடுத்துக்கொண்ட படம் இருக்கிறது. பின்னால் பெரியசாமி நிற்கிறார். தேதி இருக்கிறது. மணி பத்து ஐம்பத்தெட்டு. அவர் பெரம்பலூர் வீட்டு வாசலில் நின்றுகொண்டு கோர்ட் காகிதத்தை வாங்க மறுத்ததாகச் சொல்லப்படும் அதே நேரத்தில் அவர் உன்னோடு பேசிக்கொண்டிருந்தார். அந்த அழைப்பு உன் போனிலும் இருக்கும்.

நீ அந்த மூன்றாம் பக்கத்தைப் படித்திருக்க மாட்டாய் என்றே நம்புகிறேன். கடைசிப் பக்கத்தில் காலி செய்ய வேண்டும் என்று இருப்பதை மட்டும் பார்த்திருப்பாய். எல்லோரும் அப்படித்தான் படிப்பார்கள். படித்தும் பேசாமல் இருந்தாயா என்று நான் கேட்கப்போவதில்லை. அந்தக் கேள்வியை நீயே உன்னிடம் கேட்டுக்கொள்.

நேற்று காலை உன் அம்மாவிடம் மருந்து வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு பெரம்பலூர் பஸ் ஏறினேன். உன் வீட்டு வாசலில் பெரியசாமி வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். அவருடைய மகள் கவிதா, நிறைமாதம், கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். திங்கட்கிழமை அமீனா வருகிறார் என்று சொன்னேன். "எந்த அமீனாங்க? என்னத்துக்குங்க?" என்றார். அந்த முகத்தை எனக்குத் தெரியும். கேஸ் நடந்தது, முடிந்தது, உத்தரவும் ஆகிவிட்டது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் குழாயைக்கூட மூடவில்லை. தண்ணீர் தெருவரைக்கும் ஓடியது.

அவர் மனைவி லலிதா உள்ளேயிருந்து வந்து, "இவரு யாரு? வூட்டுக்கார அம்மாவோட அப்பாதான?" என்று கேட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பினாள். "நம்பாதீங்க. மவ கேஸ் போடுவாளாம், அப்பன் வந்து காப்பாத்துவாராம். இதுல ஏதோ சூது இருக்கு. பயந்துகிட்டு நாமளே இன்னைக்கி ராவோட போயிருவோம்னு பாக்கறாங்க."

"போயிறாதீங்கம்மா" என்றேன். "நீங்களா போயிட்டா அதுக்கப்புறம் ஒண்ணும் பண்ண முடியாது. திங்கக்கெழம கோயில் நாளு, நீங்க ரெண்டு பேரும் சிறுவாச்சூர்ல இருப்பீங்க. இந்தப் பொண்ணு மட்டும் தனியா இருக்கும். அதனாலதான் ஓடியாந்தேன். உத்தரவ ரத்து பண்ணச் சொல்லி நீங்க பெட்டிசன் போடணும்."

பெரியசாமி போய்க் குழாயை மூடினார். பிறகு, "பெட்டிசன் போட்டா வூடு எங்களுக்கே இருக்கும்ங்களா?" என்று கேட்டார்.

"இருக்காது. வூடு எம் மவளோடது, அவளுக்கு வேணும். நீங்க காலி பண்ணித்தான் ஆவணும். ஆனா உங்க பேச்சையும் கேட்டுட்டுத்தான் கோர்ட் அத சொல்லணும். அதுக்கு மட்டுந்தான் பெட்டிசன்."

"அப்ப நீங்க எங்க பக்கமா, அவங்க பக்கமாங்க?"

கோர்ட் வளாகத்தில் இலவச சட்ட உதவி கிடைக்கும் இடத்தைச் சொன்னேன். எனக்குப் பழக்கமான ஒரு வக்கீலின் வீட்டுக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். நாளைக்குக் காலையில் கோர்ட் ஆரம்பித்ததும், அந்த உத்தரவை ரத்து செய்யவும் வாரண்டை நிறுத்தவும் மனுப் போடுகிறார்கள். நீ என்னைத் துரோகி என்று நினைக்கலாம். உன் கணவர் நினைப்பார். நினைத்துக்கொள்ளட்டும்.

நாளைக்கு என்ன ஆகும் என்று சொல்கிறேன். நடந்ததைப் பார்த்தவன் சொல்கிறேன், நம்பு. அமீனா போய்ச் சேர்வதற்குள் தடை கிடைத்தால் அவர் பாதி வழியிலிருந்து திரும்புவார். கிடைக்கத் தாமதமானால் உன் வீட்டுக் கதவைத் தட்டுவார். அவர் மேல் தப்பில்லை, அவர் கையில் இருப்பது வாரண்ட் மட்டும். அந்தப் பெண்ணை வெளியே உட்காரவைத்துவிட்டு அவள் தொட்டிலுக்கு வாங்கிவைத்திருக்கும் துணியையும் பட்டியலில் எழுதுவார். புதன்கிழமை நீ பால் காய்ச்சுவாய். பிறகு ஒரு நாள் அந்த மனு விசாரணைக்கு வரும். சார்வு பொய் என்று நிரூபணமானால் உத்தரவு விழும், ஒப்படைத்த வீட்டைத் திரும்ப ஒப்படைக்கச் சொல்லுவார்கள். நீ பிள்ளைகளோடு சாமான்களைத் தூக்கிக்கொண்டு வெளியே வருவாய். அதற்கப்புறம் உனக்கு வீடு நிஜமாகவே வேண்டும் என்று நீ எத்தனை முறை சொன்னாலும் யாரும் நம்ப மாட்டார்கள். அது நடக்காமல், மனு தள்ளுபடியாகிவிட்டால்? அதுதான் எனக்கு இதைவிடப் பயமாக இருக்கிறது. ஜெயித்துவிட்டு அந்த வீட்டில் நீ எப்படிப் படுத்து எழுந்திருப்பாய்? நான் ஜெயித்தவன் பாப்பா. யாராவது வாசலில் உட்கார்ந்திருந்தால் இன்றைக்கும் நான் வேறு தெரு வழியாகச் சுற்றிக்கொண்டுதான் போகிறேன்.

இன்றைக்கே உன் வக்கீலைக் கூப்பிடு. நாளைக்குக் காலையில் அவரே எழுந்து, சார்வில் தவறு தெரியவந்திருக்கிறது, வாரண்டைத் திருப்பிக்கொள்கிறோம், எதிர்மனுதாரருக்குப் புதிதாக அறிவிப்புக் கொடுங்கள் என்று சொல்லட்டும். மறைத்தால்தான் அசிங்கம், தானாக முன்வந்து சொன்னால் நீதிபதி உன்னை மதிப்பார். பெரியசாமியிடம் நான் பேசியிருக்கிறேன். குழந்தை பிறந்து நாற்பது நாள் ஆனதும் சாவியைக் கொடுத்துவிடுவதாகக் கோர்ட்டிலேயே எழுதிக் கொடுக்கச் சம்மதிக்கிறார். லலிதா என்னை இன்னும் நம்பவில்லை, ஆனால் அதற்குத் தலையாட்டினாள். அதுவரைக்கும் நீங்கள் அரியலூரில் நம்மோடு இருங்கள். இடம் நெருக்கடிதான், இருந்துகொள்ளலாம்.

சவரிமுத்து விஷயத்தை எழுதி, கையெழுத்துப் போட்டு, நான் வேலை பார்த்த கோர்ட்டுக்கு அனுப்பப்போகிறேன். அதனால் எனக்கு என்ன வரும் என்று தெரியவில்லை. பென்ஷனில் கை வைத்தாலும் வைப்பார்கள். அதன் ஒரு நகலை எடுத்துக்கொண்டு நானே திருப்பூருக்குப் போய் மேரியிடம் கொடுப்பேன். அதை அவள் அவருக்குப் படித்துக் காட்டுவாளா, அவருக்கு அது புரியுமா, தெரியாது.

நாளைக்குக் காலையில் நான் கோர்ட்டில் இருப்பேன். உன் வக்கீல் எழுந்து அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டால் நான் ஒன்றும் பேசாமல் பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிடுவேன். சொல்லாவிட்டால், அந்த வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குப் பெரியசாமி எங்கே இருந்தார் என்பதற்கு அவருக்காகக் கூண்டில் ஏறப்போகிற சாட்சி நான்தான். என் பெயரைக் கூப்பிடுவார்கள். இந்த முறை உண்மையைச் சொல்வேன். உன் வக்கீல் எழுந்து, மனுதாரருக்கு நீங்கள் என்ன உறவு என்றுதான் என்னிடம் முதலில் கேட்பார்.

உன் அப்பா